பச்சோந்தி கறுத்துப்போனால் என்ன அர்த்தம்? வீட்டில் வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியதும், சட்டம் கேட்பதும்

ரீல்ஸில் அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒருவர் கையில் பச்சோந்தி ஏறி நடக்கும், நிறம் மாறும், பின்னணியில் ஒரு பாட்டு ஓடும். கமென்ட் முழுக்க 'க்யூட்'. அடுத்த முறை கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உடம்பு கறுத்து, பக்கவாட்டில் தட்டையாகி, வாயைப் பிளந்திருந்தால் அது விளையாடவில்லை. பயத்தில் இருக்கிறது.

ஏமன், மடகாஸ்கர் பக்கத்துப் பச்சோந்திகள் இன்று இந்திய நகரங்களின் அபார்ட்மென்ட்களுக்கு வந்துவிட்டன. பாங்காக்கில் இருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் ஊர்வன பிடிபடும் செய்தி சென்னை விமான நிலையத்துக்குப் பழகிப்போன ஒன்று. 2024-ல் மத்திய அரசு புது விதிகளும் கொண்டுவந்தது. ஆனால் வாங்கியவர்களில் பலருக்கு இரண்டு விஷயம் தெரிவதில்லை: கையில் இருப்பது சட்டப்படி சரியா, அது நலமாக இருக்கிறதா. இந்த இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டிருப்பதுதான் பிரச்னை.

வளர்க்கலாமா, கூடாதா?

முதலில் நம்மூர்ப் பச்சோந்தி. தென்னிந்தியாவின் வறண்ட காடுகளிலும் இலங்கையிலும் வாழும் இந்தியப் பச்சோந்தி, வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் பாதுகாக்கப்பட்ட உயிரினம். அதைப் பிடிப்பது, விற்பது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். யாராவது 'லோக்கல் பீஸ், விலை கம்மி' என்று சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு இனங்களின் கதை வேறு. இங்கே பெரும்பாலும் கிடைப்பவை வெயில்ட் பச்சோந்தியும் பேந்தர் பச்சோந்தியும். இரண்டுமே சைட்டஸ் என்ற சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. 2022-ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம், இந்த இனங்களை நான்காம் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரி விதிகளின்படி, ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் பரிவேஷ் 2.0 தளத்தில் பதிவுக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வாங்குபவர்களுக்குக் கையில் வந்ததிலிருந்து 30 நாள். பிறப்பு, கைமாற்றம், இறப்பு எதுவானாலும் தெரிவிக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தின் நோக்கம் கடத்தலைத் தடுப்பது. கூண்டில் சரியான விளக்கு எரிகிறதா, பிராணி தண்ணீர் குடிக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. அதைப் பார்க்க வேண்டியது நீங்கள்.

நிறம் என்ன சொல்கிறது?

அரசியல்வாதிகளைத் திட்ட நாம் பச்சோந்தியை இழுப்பது, அது சுற்றுப்புறத்துக்கேற்ப நிறம் மாற்றி ஏமாற்றுகிறது என்ற நம்பிக்கையில்தான். பாவம், அது செய்வது கிட்டத்தட்ட நேர்மாறான வேலை: உள்ளே இருப்பதை வெளியே காட்டுகிறது. பேந்தர் பச்சோந்தியின் தோலில் நுண்ணிய படிகங்கள் அடுக்கப்பட்ட செல்கள் உள்ளன என்றும், அந்தப் படிகங்களுக்கு இடையிலான தூரம் மாறும்போது நிறம் மாறுகிறது என்றும் 2015-ல் ஜெனீவா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் காட்டினார்கள். அமைதியாக இருக்கும்போது ஒரு நிறம், எதிரியைப் பார்த்துக் கிளர்ந்தால் இன்னொன்று.

காலையில் கறுத்திருந்தால் பதற வேண்டாம். சூட்டை இழுத்துக்கொள்ள அது அப்படித்தான் செய்யும். இரவில் தூங்கும்போது வெளிறுவதும் இயல்பு. விளக்கின் கீழ் சூடேறிய பிறகும் மணிக்கணக்கில் கறுப்பாகவே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அது குளிராக இருக்கலாம், வலியாக இருக்கலாம், பயமாக இருக்கலாம். பகலில் வெளிறி, வாயைத் திறந்து, விளக்கை விட்டு விலகினால் சூடு தாங்கவில்லை என்று பொருள்.

பயத்துக்கான காரணம் பல வீடுகளில் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும். கண்ணாடிக் கூண்டில் தன் பிம்பத்தையே போட்டியாளன் என்று நினைத்து நாள் முழுக்க முறைத்துக்கொண்டிருக்கும். 'தனியா இருந்தா போரடிக்குமே' என்று இன்னொன்றை வாங்கிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இது தனித்து வாழும் பிராணி, அதற்குத் துணை வேண்டாம். நாயைப் போலத் தடவிக் கொடுத்தாலும் அதற்குப் பிடிக்காது. கூண்டைக் கண் மட்டத்துக்கு மேலே, நடமாட்டம் குறைந்த மூலையில், இலை அடர்த்தியோடு வைத்தாலே பாதிப் பிரச்னை குறையும்.

கண், எச்சம், மூச்சு

நலமான பச்சோந்தியின் கண்கள் உருண்டு திரண்டு, இரண்டும் தனித்தனியே சுழன்றுகொண்டே இருக்கும். பகலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால் 'தூங்குது, விடு' என்று நகராதீர்கள். பகல் தூக்கம் கிட்டத்தட்ட எப்போதுமே நோயின் அறிகுறி. கண் உள்வாங்கினால் பெரும்பாலும் நீர் வற்றியிருக்கும். இமை வீங்கினால் தொற்றோ வைட்டமின் ஏ குறைபாடோ காரணமாகலாம்.

எச்சத்தையும் பாருங்கள். அதோடு வரும் கெட்டியான பகுதி வெள்ளையாக இருக்க வேண்டும். மஞ்சளோ ஆரஞ்சோ ஆனால் தண்ணீர் போதவில்லை. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் போதாது. பெரும்பாலான பச்சோந்திகளுக்கு அது தண்ணீர் என்றே தெரியாது, இலையில் உருளும் துளிகளைத்தான் நக்கும். நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில் காற்று இன்னும் வறளும். அதற்காக மூடிய தொட்டியை எந்நேரமும் ஈரமாக வைத்தால் நுரையீரல் தொற்று வரும். தலையை மேலே தூக்கி வாயால் மூச்சு விடுவது, மூச்சில் சத்தம், வாயோரம் சளிக் குமிழி ஆகியவை அதன் அடையாளங்கள்.

'வெயில் நல்லா படுதே!'

வளர்ப்புப் பச்சோந்திகளை அதிகம் முடக்குவது எலும்பு நோய்தான். குழந்தைகளுக்கு வைட்டமின் டி இல்லாமல் கால் வளைவது போன்றது. கால்சியம் எலும்பில் சேர வைட்டமின் டி வேண்டும், அது உடம்பில் உருவாக யுவி-பி கதிர் வேண்டும். ஜன்னலோரம் வைத்திருக்கிறோம் என்று பலர் நிம்மதியாக இருப்பார்கள். சாதாரண ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத்தான் பெரும்பாலும் தடுத்துவிடும், சூடு மட்டும் உள்ளே வரும். கடையில் வாங்கிய யுவி-பி விளக்கும் வெளிச்சம் தந்துகொண்டே இருக்கும், ஆனால் கதிர் மெல்ல மெல்லக் குறையும். தயாரிப்பைப் பொறுத்து ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மாற்ற வேண்டும்.

தொடக்கம் கண்ணில் படாது. நாக்கு முன்பு போல தூரம் பாயாது, இரை தவறும். கிளையைப் பிடிக்கும் பிடி தளரும். பிறகு முழங்கை வளையும், தாடை மெத்தென்று ஆகும். வளைந்த எலும்பு நிமிராது. ஆரம்பத்தில் பிடித்தால் மேலும் வளையாமல் நிறுத்தலாம், அவ்வளவுதான். பூச்சிகளுக்குக் காய்கறி கொடுத்து, கால்சியம் பொடி தூவித் தருவது இதற்காகவே.

பெண் பச்சோந்தி வைத்திருக்கிறீர்களா?

வெயில்ட் இனத்தில் ஆண் இல்லாவிட்டாலும் பெண் முட்டையிடும். தோண்ட ஈர மணல் கிடைக்கவில்லை என்றால் முட்டையை உள்ளேயே அடக்கிக்கொள்ளும். சில நாள் கூண்டு முழுக்க அலையும், பிறகு தரையில் சோர்ந்து கிடக்கும். அந்த நிலையில் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். இது உயிர் போகும் விஷயம்.

டாக்டரிடம் போகப் பயமா?

ரகசியமாக வாங்கியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 'பேப்பர் கேட்டா என்ன சொல்றது?' என்ற தயக்கத்தில் யூடியூப் வைத்தியம் தொடங்கிவிடும். காட்டில் பலவீனத்தைக் காட்டும் பிராணி இரையாகிவிடும், அதனால் பச்சோந்தி கடைசிவரை நோயை மறைக்கும். உங்கள் கண்ணுக்குத் தெரியும்போதே தாமதமாகியிருக்கும். அதற்கு மேல் ஒரு வாரத் தயக்கம் சேர்ந்தால் தாங்காது. காகிதச் சிக்கலை வனத்துறை அலுவலகத்தில் தனியாகப் பேசுங்கள், சிகிச்சையை அதற்காக நிறுத்திவைக்காதீர்கள். இன்னும் வாங்காதவர் என்றால், 'பில் அப்புறம் தரேன்' என்னும் விற்பனையாளரை விட்டு விலகுங்கள். காட்டில் பிடித்துக் கடத்தி வந்தவை ஒட்டுண்ணிகளோடும் நீர் வற்றிய உடலோடும்தான் பெரும்பாலும் வந்து சேரும்.

நாய், பூனை பார்க்கும் எல்லா கிளினிக்கும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை. வாங்குவதற்கு முன்பே, உங்கள் ஊரில் பார்ப்பவர் யார் என்று தொலைபேசியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை எடை பார்த்துக் குறித்து வந்தால், சாப்பாடு குறைவது கண்ணில் படும் முன்பே எடை சொல்லிவிடும். போகும்போது அந்தக் குறிப்பு, புதிய எச்சம் கொஞ்சம், கூண்டின் புகைப்படம், விளக்கு வாங்கிய தேதி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பச்சோந்தியைக் கையில் ஏந்திப் போக வேண்டாம். காற்றோட்டமுள்ள இருண்ட பெட்டியில், பிடித்துக்கொள்ள ஒரு குச்சி வைத்துக் கொண்டு போங்கள். திரும்பி வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். ஊர்வனவற்றின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.