பீட்சா அடுப்பா? வர்க்கிக்காரரைக் கேளுங்க!

கட்டபெட்டில் நண்பர் ஒருவர் கொல்லைப்புறத்தில் பீட்சா அடுப்பு கட்டக் கிளம்பிவிட்டார். கட்டட்டும், தப்பில்லை! ஆனால் அதற்குப் பெங்களூரிலிருந்து ஆள் வரணுமாம். இதுதான் நமக்குப் பிடிக்கவில்லை. ஊட்டி வர்க்கி எதில் வேகிறது ஐயா? அதே செங்கல், அதே விறகுதானே!

இத்தாலியின் நேப்பிள்ஸ் பீட்சாவுக்கு 400 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஒன்றரை நிமிஷத்தில் வெந்துவிடும். வர்க்கிக்கு நிதானச் சூடு. அவ்வளவுதான் வித்தியாசம்.

உள்பக்கம் வெறும் சிமெண்டு பூசினால் வெடித்துவிடும். கட்டிய அன்றே பெருந்தீ போட்டாலும் போச்சு! நம்ம ஊர் மூடுபனியில் ஈரம் லேசில் காயுமா? ஒரு வாரம் சின்னச் சின்னத் தீயாக மூட்டணும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகிச் செங்கல்லைப் பிளந்துவிடும். பேக்கரி அடுப்பு கட்டும் கொத்தனாருக்கு இதெல்லாம் அத்துப்படி. கூலியும் மலையிலேயே தங்குமே!

விறகு? சோலை மரத்தில் கை வைத்தால் நாமே புகார் கொடுப்போம்! வெள்ளைக்காரன் கொண்டுவந்த சீகை மரம் புல்வெளியை விழுங்கிக்கொண்டு நிற்கிறதே, அனுமதியோடு வெட்டிய அந்த விறகை வாங்கிக் காயவைத்து எரிக்கட்டும்.

பீட்சா வெந்த பிறகு, ஆறுகிற சூட்டில் நமக்கு ஒரு தட்டு வர்க்கி போடச் சொல்லியிருக்கிறோம்.