அண்ணாந்து பார்க்காத சனம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யூனியன்வில் மெயின் ஸ்ரீற்றில் ஒரு கோப்பிக் கடை வாசலில் வைத்து என் சிநேகிதன் ஒருவனோடு சண்டை பிடித்தேன். முப்பத்தைந்து வருடச் சிநேகம். காரணம் அவனுடைய மகள் என்னிடம் கேட்ட ஒரு கேள்வி. பிள்ளை பிறந்து வளர்ந்தது ஸ்காபரோவில், இப்போது வேலை ரொறன்ரோ டவுன்ரவுனில்.

"மாமா, நானும் ரெண்டு பிரெண்ட்சும் செப்ரெம்பரில ஒரு கிழமை ஐரோப்பா போறம். மூண்டு சிற்றி. பழைய கட்டிடங்கள் பாக்க வேணும், பின்னேரத்தில இருக்கிறதுக்கு நல்ல பார் வேணும். நீங்கள் அங்க இருந்தனீங்கள்தானே, எங்க போகலாம்?"

நான் வாய் திறக்க முதல் தகப்பன் திறந்துவிட்டான்.

"பாருக்கோ? பாரிசில சித்தப்பா வீடு இருக்கு. லண்டனில மாமி வீடு இருக்கு. அங்க நிண்டு சாப்பிட்டு, லாச்சப்பலில சாமான் வாங்கிக்கொண்டு வாறதை விட்டிட்டு, கல்லைப் பாத்துக்கொண்டு பாரில குந்தியிருக்கவோ காசு குடுத்துப் போறாய்?" பிறகு என்னைப் பார்த்து, "நீ அவளுக்கு ஒண்டும் சொல்லிக் குடுக்காதை" என்றான்.

சொல்லிக் கொடுக்கத்தான் போகிறேன். அதுவும் எழுத்தில்.

முதலில் நாங்கள் நின்று சண்டை பிடித்த இடத்தைப் பாருங்கள். இவன் ஒவ்வொரு ஞாயிறும் யூனியன்வில்லுக்கு வருவான். எங்கட சனத்தில் பாதிப்பேர் கலியாணப் படம் எடுப்பது இங்கேதான், ரூகுட் குளத்தடியிலும் இந்தத் தெருவிலும். ஏன் இங்கே? மர வீடுகளும் முன்விறாந்தைகளும் பழைய ஆலைக் கட்டிடமும் அப்படியே நிற்பதால். ஒரு காலத்தில் இந்தத் தெருவையும் அகலமாக்கி உடைக்கத்தான் பார்த்தார்கள். ஊர்ச்சனம் மறித்தது, கென்னடி வீதி சுற்றிக்கொண்டு போனது. 'கில்மோர் கேர்ள்ஸ்' தொடரின் முதல் அத்தியாயத்தை 2000ஆம் ஆண்டு அமெரிக்கர்கள் இங்கே வந்து எடுத்தார்கள். யாரோ கல்லைப் பார்த்ததால்தான் இவனுக்கு ஞாயிற்றுக்கிழமை கோப்பி குடிக்க ஓர் இடம் மிஞ்சியது.

இன்னொரு விசயமும் சொல்ல வேண்டும். 1794இல் இந்தப் பக்கத்துக் காட்டை வெட்டிக் குடியேறியவர்கள் அறுபதுக்கு மேற்பட்ட ஜேர்மன் குடும்பங்கள். கூட்டி வந்தவர் வில்லியம் பேர்சி. அமெரிக்காவில், நியூயோர்க் பக்கம் காணி தருவதாகச் சொல்லிக் கப்பலேற்றி, அங்கே பிணக்குப்பட்டு, கடைசியில் இங்கே கொண்டுவந்து இறக்கினார். சுத்தமான ஏஜென்சி வேலை! சொன்ன நாடு ஒன்று, இறக்கின நாடு வேறு. எங்களுக்குத் தெரியாத கதையா? அந்த ஏஜென்ற் ஓவியரும் கட்டிடக் கலைஞருமாய் இருந்தார் என்பதுதான் வித்தியாசம். எங்களுக்கு வாய்த்தவர்களிடம் அந்தத் திறமைகள் இருக்கவில்லை.

இனி என் சிநேகிதனின் ஐரோப்பாவுக்கு வருவோம். 2006இல் அவன் குடும்பத்தோடு பதினைந்து நாள் போய் வந்தான். பாரிஸ், ஸ்ருட்காட், சூரிச், லண்டன். வந்து படங்கள் காட்டினான். ஒரு சோபா செற்றில் எல்லாரும் இருக்கிறார்கள். அடுத்த படத்தில் வேறு சோபா செற், அதே ஆட்கள், பின்னால் அதே குத்துவிளக்கு. ஒரு சாமத்திய வீடு. ஒரு கோயில் கொடியேற்றம். ஈபிள் கோபுரம் ஒன்று, மழையில், வான் கண்ணாடிக்குள்ளால். நாலு நாட்டுக்குப் போய் ஒரே வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

நான் அதைப் பகிடி பண்ணுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் அது சரி. சகோதரங்களைப் பதினைந்து வருடம் காணாமல் இருந்துவிட்டு, கையில் பாஸ்போட் கிடைத்தவுடன் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து அழுத சனத்திடம், "கோதிக் தேவாலயம் பார்த்தியோ?" என்று கேட்பவன் மடையன். ஆனால் அது 2006. இன்றைக்கு அந்தச் சகோதரங்களோடு தினமும் வட்ஸ்அப்பில் முகம் பார்க்கிறோம். இன்னும் அதே சோபா, அதே வான், அதே லாச்சப்பல். அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் "சொந்தபந்தம், எங்கட பண்பாடு". எனக்கு அதில் வேறொரு சந்தேகம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

லாச்சப்பலையே எடுங்கள். பாரிசுக்குப் போகிற தமிழர் யாரும் கார் து நோர் ஸ்ரேசனைத் தொடாமல் வருவதில்லை. இறங்கி, குனிந்த தலை நிமிராமல் கடைத்தெருவுக்கு நடப்பார்கள். அந்த ஸ்ரேசனின் முகப்பை 1860களில் இத்தோர்ஃப் என்ற கட்டிடக் கலைஞர் கட்டினார். மேலே 23 பெண் சிலைகள் நிற்கின்றன. ஒவ்வொருத்தியும் ஒரு நகரம். உச்சியில் நிற்பவர்களில் பேர்லின், வார்சோ, பிராங்பேர்ட், வியன்னா, அம்ஸ்ரர்டாம், லண்டன் எல்லாரும் உண்டு. அட, எங்கட ஆட்களை ஏஜென்சிக்காரர் கொண்டு திரிந்த பாதை முழுக்க அங்கே கல்லில் நிற்கிறது! நாற்பது வருடமாய் அதற்குக் கீழே வெற்றிலைக்கும் முருங்கைக்காய்க்கும் போய் வருகிறோம்.

அங்கிருந்து ஏழெட்டு நிமிடம் நடந்தால் லாச்சப்பல் மெற்றோ. பக்கத்தில் 1876இல் திறந்த 'புவ் து நோர்' நாடக அரங்கு. கவனிப்பாரற்றுக் கிடந்ததை 1974இல் பீற்றர் புறூக் திறந்தார். கரிபிடித்து உரிந்த சுவர்களுக்குப் புதுச் சுண்ணாம்பு பூசாமல் அப்படியே விட்டார். 1985இல் அவினியோனில் ஒரு கல்லுடைக்கும் குவாரியில் தொடங்கிய அவருடைய ஒன்பது மணித்தியால மகாபாரதம் பிறகு இந்த அரங்குக்குத்தான் வந்தது. திரௌபதியாக மல்லிகா சாராபாய். அதே வருடங்களில்தான் எங்கட பெடியள் அந்தச் சுற்றாடலில் அறைக்குப் பத்துப் பேராய்ப் படுத்திருந்தார்கள். அவர்களுக்கு ரிக்கற் வாங்கக் காசும் இல்லை, பாஷையும் இல்லை, விசாவும் இல்லை. அதை நான் குறை சொல்லவில்லை. இன்றைக்குக் காசும் பாஸ்போட்டும் உள்ளவன் அந்தக் கதவைக் கடந்து மிக்ஸர் வாங்கப் போகிறானே, அவனைத்தான் சொல்கிறேன்.

சரி, பார்.

எங்கட சனம் குடிப்பதில்லை என்று யாராவது சொன்னால் நான் இந்தக் கணினியை மூடிவிட்டுப் போகிறேன். மார்க்கத்தில் எந்தக் கலியாண ஹோலுக்கும் வெளியே போய்ப் பாருங்கள். கார் டிக்கி திறந்திருக்கும். உள்ளே கறுப்பு லேபல், ஐஸ் பை, பிளாஸ்ரிக் கப். பத்துப் பதினைந்து ஆம்பிளையள் சுற்றி நின்று, குளிரில், அவசர அவசரமாய், பொலிஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு விழுங்குவார்கள். பெண்டுகள் உள்ளே. அல்லது பேஸ்மென்ற். சனல் இல்லாத அறையில் வெறி முற்றும்வரை. குடியால் அழிந்த குடும்பங்கள் எத்தனை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த அழிவு முழுக்க நடந்தது இருட்டிலும் ஒளிப்பிலும்.

அந்தப் பிள்ளை கேட்டது வெளிச்சத்தில், பத்துப்பேர் பார்க்க, கதிரையில் இருந்து, ஒரு கிளாசை ஒரு மணித்தியாலம் வைத்துக் கதைக்கிற இடத்தை. பொம்பிளைப் பிள்ளையும் இருக்கலாம், கிழவியும் இருக்கலாம், கோப்பியோடும் இருக்கலாம். பேர்லினில் மூலைக்கு மூலை அப்படிக் கடை உண்டு. பச்சைப் பாணியோ சிவப்புப் பாணியோ விட்டுக் குடிக்கிற புளித்த பியர் ஒன்று தருவார்கள், பேர்லினர் வைஸ்ஸ என்று. பனங்கள்ளின் தங்கச்சி மாதிரி இருக்கும். (மலிவு விமானத்தில் கூட்டமாய் வந்து, பிறாக்கில் விடிய விடியக் கத்திவிட்டு, வீதியில் சத்தி எடுத்துவிட்டுப் போகிற வெள்ளைக்காரரும் உண்டு. அவர்களுக்கும் எங்கட டிக்கிக்காரருக்கும் நான் வித்தியாசம் காணவில்லை.)

பேர்லின் என்றவுடன் என் கதையையும் சொல்ல வேண்டும்.

1985 ஏப்ரலில் கொழும்பிலிருந்து மொஸ்கோ வழியாய்க் கிழக்கு பேர்லினில், ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினேன். பத்தொன்பது வயது. அந்தக் காலத்தில் கிழக்கு ஜேர்மனி எங்களுக்கு வழிப்போக்கு விசா தந்து மேற்குப் பக்கம் போக விடும். பிரெட்ரிக்ஸ்ராச ஸ்ரேசனில் கிழக்குப் பொலிஸைக் கடந்து ரெயில் ஏறினால், மேற்குப் பக்கத்தில் பாஸ்போட் பார்க்க ஆள் இல்லை. அந்தக் கோட்டை எல்லை என்று ஒத்துக்கொள்ளாததால் மேற்கில் அதற்குக் காவல் போடவில்லை. அந்த ஓட்டைக்குள்ளால் ஆயிரக்கணக்கான தமிழர் புகுந்தோம். அதே வருடம் ஜூலையில் மேற்கின் நெருக்குதலால் கிழக்கு அதை எங்களுக்கு அடைத்தது. எனக்குப் பின்னால் வர இருந்த என் ஒன்றுவிட்ட தம்பி வரவில்லை. வரவேயில்லை.

அந்த ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் 1962இல் கட்டிய கண்ணாடி மண்டபம் ஒன்று இருக்கிறது. பிரிந்து போகிறவர்கள் அழுது விடைகொடுத்த இடம் என்பதால் சனம் அதைக் கண்ணீர் மாளிகை என்றது. 2011இலிருந்து அது மியூசியம், பார்க்கக் காசில்லை. 2014இல் போனேன். பெரிய, உயரமான, வெளிச்சமான கண்ணாடிச் சுவர்கள். எனக்கு அதில் ஒரு சாமானும் ஞாபகம் இல்லை! எந்த வாசலால் போனேன் என்றே தெரியவில்லை. ஏஜென்ற் படித்துப் படித்துச் சொல்லி விட்டிருந்தான்: "அங்க இங்க பாராதை. ஆற்றையும் முகத்தைப் பாராதை. நிலத்தைப் பாத்துக்கொண்டு நட." நான் பார்த்தது என் சப்பாத்து லேசை மட்டும். பத்து நிமிட நடையில் மியூசியத் தீவு, ஷிங்கல் 1830இல் கட்டி முடித்த பதினெட்டுத் தூண் மண்டபம். அந்த நகரத்தில் மூன்று வருடம் இருந்திருக்கிறேன். ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை.

மேலே சொன்ன சந்தேகம் இதுதான். நாங்கள் நகரங்களைப் பார்க்காமல் வீட்டுக்கு வீடு போவது பண்பாட்டால் என்று நான் நம்பவில்லை. பயத்தால். பாஷை பிழைக்கும், யாராவது மறிப்பார்கள், "உனக்கு இங்க என்ன வேலை" என்று கேட்பார்கள் என்ற பயம். நாடு தந்தாயிற்று, வீடு வாங்கியாயிற்று, பயம் மட்டும் பாஸ்போட்டில் அப்படியே முத்திரையாய் இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்கும் குத்திவிடப் பார்க்கிறோம்.

பிரேமன் என்றொரு ஊர். 1405இலிருந்து நகரசபை மாளிகைக்குக் கீழேயே வைன் நிலவறை. 1653ஆம் ஆண்டு வைன் இன்னும் பீப்பாயில் இருக்கிறது. அங்கிருந்து வேசர் ஆற்றோடு கீழே போனால் பிராக்க துறைமுகம். 1986இல் 155 தமிழர் ஏறிய கப்பல் அங்கிருந்துதான் வெளிக்கிட்டது. ஓகஸ்ற்றில் நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் அவர்களை மீன்பிடிகாரர் கண்டெடுத்தார்கள். கனடாத் தமிழன் ஒருவன் பார்க்க வேண்டிய ஊர் இதைவிட எது?

கடைசியாக பேர்ண். அண்ணை அங்கே இருக்கிறார். 1983இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பழைய நகரம். மழை படாமல் ஆறு கிலோமீற்றர் நடக்கலாம், அவ்வளவு வளைவு நடைபாதைகள். தெருவிலேயே சரிவுக் கதவுகள், திறந்தால் நிலவறைக் கடை, நிலவறை பார். அண்ணை அப்படியொரு உணவகத்தில் இருபத்திரண்டு வருடம் கோப்பை கழுவினார். பின்வாசலால் போய்ப் பின்வாசலால் வந்தார். 2017இல் நான் போனபோது, "முன்வாசலால போவம், ஒரு பியர் குடிப்பம்" என்றேன். "அது எங்களுக்கில்லையடா" என்றார். முக்கால் மணித்தியாலம் வெளியில் நின்று சண்டை. பிறகு வந்தார்.

இருந்தவுடன் மனிசன் கதைக்கத் தொடங்கினார். இந்தச் சுவர் மணற்கல், கோடையில் வியர்க்கும். அந்த வளைவுக்குக் கீழே நின்று கூப்பிட்டால் சமையலறைக்குக் கேட்கும். இந்தப் படி நடுவில் தேய்ந்திருக்கிறது, தட்டோடு இறங்கினால் இடக்காலைத்தான் முதல் வைக்க வேண்டும். எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இல்லாத விசயங்கள். பியர் வந்தது. அண்ணை குடிக்கவில்லை. கிளாசைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விளிம்பு சரியாக் கழுவேல்லை" என்றார்.

பிள்ளைக்குப் பாரிஸ், பேர்ண், பேர்லின் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிரேமனுக்கு நாள் காணாது என்கிறாள். தகப்பன் இன்னும் என்னோடு கதைக்கவில்லை. போன ஞாயிறு மெயின் ஸ்ரீற்றில் கண்டேன், தெருவின் மற்றப் பக்கத்தால் போனான்.