ஓஎஸ் மாற்றும் முன் ஒரு வரி எழுதுங்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. டிபிஎம் பற்றியும் எட்டாம் தலைமுறை புராசசர் பற்றியும் வேண்டிய அளவு பேசியாயிற்று. இப்போது நம் மேசைக்கு வரும் புகார் வேறு: ஓஎஸ் மாற்றியபின் பின்பக்க ஜாக்கில் பாட்டு வருகிறது, முன்பக்க ஹெட்போன் ஊமை; அல்லது மைக் எடுக்கவில்லை.

நம் நிலைப்பாடு இதுதான்: ஆடியோவின் ஹார்டுவேர் ஐடியைக் குறித்து வைக்காமல் எந்த மெஷினிலும் பழைய ஓஎஸ்ஸை அழிக்கக் கூடாது. டிவைஸ் மேனேஜரில் தெரியும் பெயரை நம்பிப் பயனில்லை. ‘ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்’ என்பது மைக்ரோசாப்டின் பொது டிரைவர். ரியல்டெக்கின் யுஏடி டிரைவரும் ‘ரியல்டெக் ஆடியோ’ என்பதோடு நின்றுவிடும். டீட்டெயில்ஸில் உள்ள ஹார்டுவேர் ஐடியில் ‘வென்’ 10இசி என்றால் ரியல்டெக், 14எஃப்1 என்றால் கொனெக்சன்ட், 1106 என்றால் வயா. 8086-ம் 10டிஇ-யும் பெரும்பாலும் எச்டிஎம்ஐ வழி வரும் சத்தம். அதைப் பார்த்து டிரைவர் தேடி அரை நாளைத் தொலைத்தவர்கள் நம்மில் உண்டு.

‘டெவ்’ 0887 என்றால் ஏஎல்சி887. எல்லா எண்ணும் இப்படி நேராக வராது: 0900 என்று வருவது ஏஎல்சி1150, 1168 என்று வருவது ஏஎல்சி1220. இவற்றையெல்லாம்விட முக்கியம் ‘சப்சிஸ்’. யுஏடியில் ஜாக் அமைப்பைக் கொண்டுவரும் எக்ஸ்டென்ஷன் ஐஎன்எஃப் அதை வைத்துத்தான் பொருந்துகிறது. ஸ்மார்ட் சவுண்ட் உள்ள இன்டெல் லேப்டாப்பில் நிலைமை இன்னும் மோசம். அந்த டிரைவர் ஏறாத வரை கோடெக்கே பட்டியலில் தலைகாட்டாது. அழித்த பிறகு தேடினால் மஞ்சள் குறி மட்டும்தான். அப்புறம் லினக்ஸ் லைவ் பென்டிரைவில் ஏற்றி ‘ப்ராக்’ அடியில் உள்ள ‘அசவுண்ட்’ ஃபோல்டரைத் துழாவ வேண்டும்.

இந்தத் துப்பறியும் வேலை நம் தலையில் ஏன் விழுந்தது? ஐஎஸ்ஏ காலத்து சவுண்ட் பிளாஸ்டரில் சிடி எண் கார்டின் மீதே அச்சாகியிருந்தது. இன்றும் சிப்பின் மேல் ரியல்டெக்கின் நண்டு முத்திரையும் மாடல் எண்ணும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் லேப்டாப்பைப் பிரிக்காமல் அதைப் பார்க்க வழியில்லை. ஸ்பெக் ஷீட்டில் ‘எச்டி ஆடியோ’ என்று இரண்டே சொல். அதே மாடலில் ரிவிஷன் மாறும்போது கோடெக்கை மாற்றிவிட்டு, அதையும் சொல்வதில்லை.

அரசாவது கேட்டதா? 2012-ஆம் ஆண்டின் கட்டாயப் பதிவு ஆணையால் அடாப்டர் வரை பிஐஎஸ் எண் வந்தது. பெட்டியின் மேல் விலையும் இறக்குமதியாளர் பெயரும் தயாரித்த நாடும் கட்டாயம். 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு இணையதளமும் திறந்தார்கள். அங்கே போனால் கம்பெனியின் கஸ்டமர் கேர் எண் கிடைக்கிறது. அந்த எண்ணில் என்ன பதில் வரும் என்பது வாசகர்களுக்குத் தெரியாததா? இ-கழிவு விதிகளில் பழைய மெஷினை என்ன செய்ய வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அது கழிவாகாமல் காப்பாற்றுகிறவனுக்கு உள்ளே இருக்கும் சிப்பின் பெயரைச் சொல் என்று ஒரு கம்பெனியையும் கட்டாயப்படுத்தவில்லை. ஸ்க்ரூடிரைவர் பிடித்தவர் ஒருவர்கூட இந்த விதிகளை எழுதிய குழுக்களில் இருந்திருப்பார் என்று தோன்றவில்லை.

ஸ்டிக்கரில் கோடெக் பெயரும் சப்சிஸ் எண்ணும் அச்சாக வேண்டும் என்று கேட்போம். அது வரும்வரை ஜாப் கார்டில் கஸ்டமர் பெயருக்குக் கீழே அந்த வரியை நாமே எழுதி, பிஎன்பி-யூட்டில் மூலம் டிரைவர்களை எக்ஸ்போர்ட் செய்து பென்டிரைவில் வைத்துக்கொள்வோம்.