திறக்க முடியாத பொருளை யாருக்காகச் செய்கிறீர்கள்?

வீட்டில் டியூப்லைட் எரியாவிட்டால் முன்பெல்லாம் அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஸ்டார்ட்டரைத் திருகிப் பார்ப்போம். அசையாவிட்டால் பக்கத்து அறை ஸ்டார்ட்டரைக் கழற்றி இங்கே போட்டுப் பார்ப்போம். அதற்கும் எரியாவிட்டால் டியூப், கடைசியாக சோக். எது போனதோ அதை மட்டும் தெருமுனை எலக்ட்ரிக்கல் கடையில் வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. பட்டி வருடக்கணக்கில் அதே சுவரில் இருக்கும்.

இப்போது அந்த இடத்தில் எல்.இ.டி. பட்டி. மின்சாரம் குறைவாக இழுக்கிறது, வெளிச்சமும் நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அணைந்து போனால் என்ன செய்வது? எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் ஏணியில் ஏறி ஒரு முறை தட்டிப் பார்க்கிறார். "இதைத் திறக்க முடியாதுங்க. ஒட்டி வெச்சுட்டாங்க. புதுசு ஒண்ணு வாங்கிக் குடுங்க, மாட்டித் தர்றேன்" என்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அந்தப் பட்டிக்குள் பெரும்பாலும் கெட்டுப்போவது விளக்கு அல்ல. விளக்குக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் என்ற சிறு போர்டுதான். அதிலும் பல நேரம், சூட்டில் காய்ந்துபோகும் ஒரு கெபாசிட்டர். சில ரூபாய்ச் சாமான். அது ஒன்று போனதற்காக எரியக்கூடிய எல்.இ.டி.களும், அலுமினியப் பட்டையும், பிளாஸ்டிக் கூடும் சேர்ந்து குப்பைக்குப் போகின்றன. மூடியை ஒட்டாமல் இரண்டு திருகாணி வைத்திருந்தால் இது நடந்திருக்காது. இந்த ஒரு முடிவை எடுத்தவர் எங்கோ ஒரு வரைபட மேசையில் உட்கார்ந்திருந்தவர். அதன் விலையைக் கொடுப்பது நாமும், நம் ஊர்க் குப்பைமேடும்.

ஒரு வீட்டுச் சங்கதி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தின் வழியாக மட்டும் நாட்டில் 36 கோடிக்கும் அதிகமான எல்.இ.டி. பல்புகள் வீடுகளுக்குப் போயிருக்கின்றன. மின்சாரத்தை மிச்சப்படுத்திய நல்ல திட்டம் அது. அந்தப் பல்புகள் ஒவ்வொன்றும் ஒருநாள் அணையும் என்பதை வடிவமைக்கும்போதே யோசித்திருக்க வேண்டாமா?

விளக்கோடு நின்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காதில் செருகும் ஒயர்லெஸ் இயர்போனில் பேட்டரி தேய்ந்தால் இயர்போனே போச்சு. ஷேவிங் டிரிம்மரும் அப்படித்தான். செல்போனின் முதுகை நகத்தால் நெம்பித் திறந்து பேட்டரியை மாற்றிய காலம் ஒன்று இருந்தது. இன்று சூடு காட்டி, பசையை இளக்கி, திரை உடையாமல் பிரிக்கத் தனிக் கைத்திறன் வேண்டும். வாஷிங் மெஷின் போர்டின் மேல் பிசினை ஊற்றி இறுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு ரிலே போயிருந்தால்கூட, "முழு போர்டைத்தான் மாத்தணும்" என்ற பதில்தான். அதன் விலையைக் கேட்டால் இன்னும் கொஞ்சம் போட்டுப் புது மெஷினே வாங்கிவிடலாமோ என்று மனம் ஊசலாடுகிறது. அப்படி ஊசலாட வைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தயாரிப்பாளர்கள் இதற்கு ஒரு காரணம் சொல்கிறார்கள்: ஈரம் புகக் கூடாது, அதனால் ஒட்டி மூடுகிறோம். கோயம்புத்தூர்க்காரர்களிடம் இதைச் சொல்ல முடியுமா? ஆழ்துளைக் கிணற்றில் பல நூறு அடி ஆழத்தில், தண்ணீருக்குள்ளேயே கிடந்து ஓடுகிறது சப்மெர்சிபிள் மோட்டார். அது பழுதானால் மேலே தூக்குகிறார்கள், போல்ட்டைக் கழற்றுகிறார்கள், கருகிய காயிலை உருவிவிட்டுப் புதுக் காயில் கட்டுகிறார்கள். புஷ் தேய்ந்திருந்தால் புஷ், சீல் போயிருந்தால் சீல். கழித்த செம்புக் கம்பி எடை போட்டு விலைக்குப் போகிறது. உருகி மறுபடியும் செம்பாகிறது. காயில் கட்டிக் காயில் கட்டி, ஒரே மோட்டார் எத்தனையோ வெள்ளாமைக்குத் தண்ணீர் இறைக்கிறது. அதே ஊரின் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அதில் பெல்ட் அறுந்தால் பெல்ட் மாற்றலாம், கல் மழுங்கினால் கொத்திக்கொள்ளலாம். சுழற்சிப் பொருளாதாரம் என்று இன்று மாநாடு போட்டுப் பேசுவதை, அந்தப் பெயர் தெரியாமலே பட்டறைகள் செய்துகொண்டிருக்கின்றன. தண்ணீருக்கடியில் ஓடும் மோட்டாரையே திறக்கும்படி செய்ய முடிகிறபோது, கூரைக்கடியில் தொங்கும் விளக்கை ஏன் முடியாது?

அடுத்த காரணம், மறுசுழற்சி இருக்கிறதே என்பது. ஐ.நா. அமைப்புகள் 2024இல் வெளியிட்ட உலக மின்கழிவு அறிக்கையைப் பாருங்கள். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் வெளியேற்றிய மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம். உலகுக்குத் தேவைப்படும் அரிய மண் தனிமங்களில் மின்கழிவிலிருந்து மீட்கப்படுவது சுமார் ஒரு சதவீதம்தான். மீதியில் எவ்வளவோ, கையுறைகூட இல்லாத மனிதர்கள் ஒயரைக் கொளுத்தியும் அமிலத்தில் போர்டை முக்கியும் பிரிக்கும் சந்துகளில் போய் முடிகிறது. மறுசுழற்சி வேண்டும்தான். ஆனால் அது கடைசிப் படி. ஒரு செல்போனால் காற்றில் சேரும் கரியமில வாயுவில் பெரும்பகுதி, அது நம் கைக்கு வருவதற்கு முன்பே, சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் சேர்ந்துவிடுகிறது. அதை உருக்கி எடுப்பதைவிட இன்னும் இரண்டு வருடம் ஓட வைப்பதுதான் பெரிய சேமிப்பு.

சட்டம் போட்டால் நடக்கும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. பிரான்சில் 2021 ஜனவரி முதல் செல்போன், மடிக்கணினி, வாஷிங் மெஷின் போன்றவற்றுக்குப் பழுதுநீக்கும் எளிமையைப் பத்துக்கு மதிப்பெண் போட்டு, விற்கும் இடத்திலேயே காட்ட வேண்டும் என்று விதித்தார்கள். கழற்றுவது எளிதா, உதிரிபாகம் கிடைக்குமா, அதன் விலை என்ன என்பதெல்லாம் அந்த மதிப்பெண்ணில் சேர்ந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல், ஒரு செல்போன் மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிபாகங்களைக் கொடுத்தாக வேண்டும். 2027 பிப்ரவரி முதல், சில விதிவிலக்குகள் போக, கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும்.

நம் நாட்டிலும் தொடங்கியிருக்கிறார்கள். 2022இல் பழுதுநீக்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டார்கள். அந்த ஆண்டு இறுதியில் இணையதளமும் திறந்தார்கள். 2025 மே மாதம் செல்போன், மின்னணுப் பொருட்களுக்கான பழுதுநீக்கக் குறியீடு பற்றிய குழு அறிக்கையையும் கொடுத்துவிட்டது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள் 106 வகைப் பொருட்களுக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகின்றன. நல்லது. ஆனால் அந்த விதிகளின் பாரம் பெரும்பாலும் பொருள் குப்பையான பிறகு என்ன செய்வது என்பதில் இருக்கிறது. குப்பையாகாமல் எப்படிச் செய்வது என்ற கேள்விக்கு அதே கண்டிப்பு வேண்டும்.

கேட்பது பெரிதல்ல. பசைக்குப் பதில் திருகாணி வையுங்கள். தேயும் பாகத்தைத் தனியாக விற்றுத் தொலையுங்கள், நியாயமான விலையில். உள்ளே இருப்பதன் வரைபடத்தைத் தெருவோர மெக்கானிக்குக்கும் கொடுங்கள். சென்னை ரிச்சி தெருவில் ஆரம்பித்து ஒவ்வோர் ஊரிலும் பழுது பார்க்கத் தெரிந்த கைகள் காத்திருக்கின்றன. எத்தனை வருடத்துக்கு உதிரிபாகம் கிடைக்கும் என்று பெட்டியின் மேலேயே அச்சடியுங்கள். அச்சடிக்காதவரை அரசு விடக் கூடாது.

வாங்குகிற நாமும் வாய் திறக்க வேண்டும். கடையில் நிற்கும்போது வாட்ஸ் எவ்வளவு, ஸ்டார் எத்தனை என்று கேட்கிறோம் அல்லவா? அதோடு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்: "இதைக் கழற்ற முடியுமா? ஸ்பேர் எத்தனை வருஷம் கிடைக்கும்?" பதில் சொல்லத் தெரியாத பொருளை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.