நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியும் நமது கல்லாவும்

மோட்டார் உதிரிப் பாகங்களின் மொத்த வியாபாரத்தில் ஊறிய நமக்கு, கடைப்படி ஏறுகிறவர் கேட்கும் முதல் கேள்வியிலேயே சந்தை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிந்துவிடும். "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்?" என்பதுதான் முன்பெல்லாம் கேள்வி. இன்று முப்பது வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வந்தால், "மூன்று சிலிண்டரா, நான்கு சிலிண்டரா? இரண்டு சக்கரம் இழுக்குமா, நான்கும் இழுக்குமா?" என்று கேட்கிறார்கள். சங்கக் கூட்டங்களில் மளிகை, ஜவுளி, இரும்பு என்று பல துறை அன்பர்களும் நம்மைத் தனியே அழைத்து, "பையன் இப்படி ஒரு வண்டி கேட்கிறான், இதெல்லாம் வெறும் பகட்டுதானே?" என்று விசாரிக்கிறார்கள். பகட்டு இல்லை என்பதே நமது கருத்து. ஆனால் கல்லாவிலிருந்து பணம் எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

நெடுங்காலமாக உலகில் வேகப் பிரியர்கள் எட்டு சிலிண்டர், பன்னிரண்டு சிலிண்டர் என்றுதான் பெருமை பேசினார்கள். எஞ்சின் பெரிதானால் ஆள் பெரியவர் என்ற எண்ணம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் ராணுவத்துக்கும் காட்டிலாகாவுக்கும் உரிய ஜீப் என்று ஒதுக்கினார்கள். இந்த எண்ணத்தை மாற்றியது யார் என்று பார்த்தால், நம்மைப் போன்ற ஒரு விற்பனையாளருக்கும் அதில் பங்கு இருக்கிறது. ஜப்பானின் வடகிழக்குப் பகுதியில் பனி கடுமையாகப் பெய்யும். அங்குள்ள தொஹோக்கு மின்சார நிறுவனம், மலையில் மின்கம்பிகளைப் பார்வையிட, ஜீப்பை விட வசதியான, எல்லாக் காலத்துக்கும் ஏற்ற வண்டி வேண்டும் என்று 1970 வாக்கில் மியாகியில் இருந்த சுபாரு விற்பனையாளரிடம் கேட்டது. "எங்களிடம் இல்லை" என்று அவர் திருப்பி அனுப்பவில்லை. முன் சக்கரம் இழுக்கும் சாதாரணக் காரைப் பின் சக்கரமும் இழுக்கும்படி மாற்றிக் காட்டினார். அந்த யோசனையைத் தொழிற்சாலை எடுத்துக்கொண்டது. 1972-இல் லியோன் எஸ்டேட் என்ற நான்கு சக்கர இழுவைக் கார் விற்பனைக்கு வந்தது. வாடிக்கையாளரின் தேவையைக் காது கொடுத்துக் கேட்ட ஒரு கடைக்காரரால் ஒரு கம்பெனியின் முகவரியே மாறியது என்று சொல்லலாம்.

அடுத்து 1980-இல் ஜெனீவா கண்காட்சியில் ஜெர்மனியின் ஆடி நிறுவனம் குவாட்ரோவைக் காட்டியது. அதற்கு எஞ்சின் ஐந்து சிலிண்டர்தான். அதுவரை ராலிப் பந்தயத்தில் பின் சக்கர இழுவைக் கார்களே ஆண்டுகொண்டிருந்தன. மறு ஆண்டே இத்தாலியின் சான்ரெமோ ராலியில் மிஷேல் மூட்டோன் என்ற பிரெஞ்சுப் பெண்மணி குவாட்ரோவில் வென்றார். உலக ராலிப் போட்டிகளில் ஒரு சுற்றை வென்ற முதல் பெண் அவரே. இதற்குப் பிறகு எல்லாக் கம்பெனிகளும் நான்கு சக்கர இழுவைக்கு மாறின.

ராலி விதி ஒன்றை நம் அன்பர்கள் கவனிக்க வேண்டும். 1987 முதல் முன்னணிக்கு வந்த 'குரூப் ஏ' பிரிவில், பந்தயத்தில் ஓடும் வண்டியையே ஆயிரக்கணக்கில் தயாரித்துப் பொதுமக்களுக்கு விற்றாக வேண்டும். அதனால் காட்டுப் பாதையில் வென்ற வண்டி அப்படியே காட்சிக்கூடத்திலும் நின்றது. இத்தாலியின் லான்சியா டெல்டா 1987 முதல் 1992 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் தயாரிப்பாளர் பட்டம் பெற்றது. பின்னர் சுபாரு இம்ப்ரெசா 1995, 1996, 1997 என மூன்று ஆண்டுகள். மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனில் ஃபின்லாந்துக்காரர் டொம்மி மாக்கினன் 1996 முதல் 1999 வரை நான்கு முறை ஓட்டுநர் பட்டம். இவை அனைத்தும் இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ, நான்கு சக்கர இழுவை. விலையோ பெரிய ஜெர்மன் கார்களின் விலையில் ஒரு பகுதிதான். குடும்பத்தோடு கடைத்தெருவுக்குப் போகும் நாலு கதவு வண்டி, மலைப் பாதையில் பெரிய கார்களை விரட்டியது. இளைஞர் மனம் அங்கேதான் விழுந்தது.

ஏன் இரண்டு லிட்டர் என்றால் அதிலும் வரி இருக்கிறது! ஜப்பானில் 2000 சி.சி.க்கு மேல் போனால் வண்டி பெரிய வகுப்பில் சேரும். ஆண்டு வரியும் எஞ்சின் அளவுக்கேற்ப ஏறும். வரி ஏட்டைப் பார்த்துத்தான் எஞ்சின் வரைபடம் போடுகிறார்கள் என்பது நமக்குப் புதிதல்ல. நம் நாட்டிலும் நாலு மீட்டர் நீளம், பெட்ரோலுக்கு 1200 சி.சி., டீசலுக்கு 1500 சி.சி. என்று கோடு கிழித்த பிறகுதான் மூன்று சிலிண்டர் எஞ்சின்கள் பெருகின. ஒரு சிலிண்டர் குறைந்தால் எடையும் செலவும் குறையும். ஆனால் மூன்று சிலிண்டருக்கு இயல்பாகவே ஓர் ஆட்டம் உண்டு. நான்கு சிலிண்டரிலும் அதிர்வு இல்லாமல் இல்லை. அதை அடக்கத்தான் மிட்சுபிஷியின் 4ஜி63 எஞ்சினில் எதிர்த்திசையில் சுழலும் சமநிலைத் தண்டுகள் வைத்தார்கள். இருந்தாலும் அன்றாட ஓட்டத்தில் நான்கு சிலிண்டர் வழவழப்பாக இருக்கும். பிள்ளைகள் 'நாலு சிலிண்டர்' என்று தேடுவதில் அர்த்தம் இருக்கிறது. 2020-இல் வந்த டொயோட்டா ஜி.ஆர். யாரிஸ் மட்டும் விதிவிலக்கு: 1600 சி.சி. அளவில் மூன்றே சிலிண்டர், நான்கு சக்கர இழுவை. அதையும் ஆர்வலர்கள் கொண்டாடுகிறார்கள்.

இனி, நான்கும் இழுப்பதில் என்ன லாபம்? ஒரு டயருக்குத் தரையில் உள்ள பிடி ஓரளவுதான். நம்மிடம் உள்ள முதலைப் போல, அதை ஒரு பக்கம் செலவழித்தால் மறு பக்கத்துக்கு மிஞ்சாது. முந்நூறு குதிரைத் திறனையும் இரண்டு முன் சக்கரங்களிலேயே கொட்டினால், இழுக்கவும் அவையே, திருப்பவும் அவையே. சக்கரம் வீணாகச் சுழலும், ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும். நான்குக்கும் பங்கிட்டால் ஒவ்வொன்றின் பாரமும் குறையும். எஞ்சின் சிறிதானதால் வண்டியின் மூக்கு கனக்காது. வளைவில் சொன்ன பேச்சைக் கேட்கும். இன்று மெர்சிடஸின் ஏ45 எஸ் காரில் இரண்டு லிட்டருக்கும் குறைவான நான்கு சிலிண்டர் எஞ்சின் 421 குதிரைத் திறன் தருகிறது. நாம் தொழிலுக்கு வந்த காலத்தில் இதைச் சொல்லியிருந்தால் மெக்கானிக்குகள் சிரித்திருப்பார்கள்.

ஆனால் எல்லா இடத்திலும் இந்தச் சரக்கு விலைபோகவில்லை. இதே மெர்சிடஸ் தன் சி63 காரின் எட்டு சிலிண்டர் எஞ்சினை எடுத்துவிட்டு, 2022-இல் நான்கு சிலிண்டரும் மின் மோட்டாரும் நான்கு சக்கர இழுவையும் சேர்த்து 680 குதிரைத் திறனோடு கொண்டுவந்தது. கணக்கில் பழையதை விடச் சக்தி அதிகம். இருந்தும் பழைய வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். எடை இரண்டு டன்னைத் தாண்டியது ஒரு குறை, பழைய முழக்கம் இல்லாதது பெரிய குறை. போர்ஷேயும் 2016-இல் பாக்ஸ்டர், கேமன் கார்களை ஆறிலிருந்து நான்கு சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, சில ஆண்டுகளில் விலை உயர்ந்த வகைகளில் ஆறு சிலிண்டரைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபிலோ நேர் எதிர். ஆர்32 என்ற ஆறு சிலிண்டர் காரை நிறுத்திவிட்டு, கோல்ஃப் ஆர் என்று நான்கு சிலிண்டர் டர்போ வைத்தார்கள். ஆர்வலர்கள் முன்னதை விட இதையே நன்றாக ஏற்றுக்கொண்டார்கள். கோல்ஃப் வாங்கியவர் மழையிலும் பனியிலும் வேகமாகப் போகும் வண்டியை வாங்கினார். சி63 வாங்கியவர் சத்தத்தை வாங்கினார். பாசுமதி கேட்டவரிடம் சத்து அதிகம் என்று கைக்குத்தல் அரிசியைக் கட்டிக்கொடுத்த கதைதான்.

நம் நாட்டுக்கு இந்தச் சேர்க்கை புதிதல்ல. 1985-இல் வந்த மாருதி ஜிப்சி 970 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சினும் நான்கு சக்கர இழுவையும் கொண்டதுதான். நம் நாட்டு ராலிகளில் பல்லாண்டுகள் அது ஓடியது. லான்சர் கார் 1998 முதல் நமது திருவள்ளூரிலேயே தயாரானது. அது முன் சக்கர இழுவை வகை. எவல்யூஷன் 2010-இல் இறக்குமதியாக வந்தது. சென்னையின் எம்.ஆர்.எஃப். அணிக்காக கௌரவ் கில் 2013, 2016, 2017 ஆண்டுகளில் ஆசிய பசிபிக் ராலிப் பட்டத்தை வென்றதும் ஸ்கோடா ஃபேபியாவின் நான்கு சிலிண்டர், நான்கு சக்கர இழுவை வண்டிகளில்தான்.

இப்போது பணக் கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அளவு மீறினால் 40. மாருதி ஜிம்னி நாலு மீட்டருக்குள் அடங்கினாலும் எஞ்சின் 1462 சி.சி. என்பதால் அதற்கு 40 சதவீதம்தான். கடையின் பெயரில் வாங்கினாலும் சொந்த உபயோகக் காருக்குச் செலுத்திய ஜி.எஸ்.டி.யை நாம் வரவு வைக்க முடியாது. ஆடிட்டரைக் கேட்காமல் சிலர் இதில் ஏமாந்திருக்கிறார்கள். இன்னொன்று: ஜிம்னி, தார் போன்றவற்றின் நான்கு சக்கர இழுவை, வேண்டும்போது மட்டும் போடுவது. உலர்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டுக்கொண்டு வளைத்தால் பற்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். சுபாருவிலும் குவாட்ரோவிலும் உள்ளது எப்போதும் வேலை செய்யும் வகை. இரண்டையும் ஒன்றென நினைத்து வாங்கினால் ஏமாற்றமே.

பராமரிப்பில் டயர் முக்கியம். நமக்குத் தெரிந்த ஓர் இளைஞரின் காரில் ஒரு டயர் கிழிந்தது. ஒரு கடையில் அந்த ஒன்றை மட்டும் புதிதாக மாட்டி அனுப்பினார்கள். தேய்ந்த மூன்றும் புதிய ஒன்றும் வெவ்வேறு சுற்றில் ஓட, முன்னையும் பின்னையும் இணைக்கும் கிளட்ச் சில மாதங்களில் சூடேறிப் போயிற்று. டயர்களின் வெளிச்சுற்றளவில் கால் அங்குலத்துக்கு மேல் வேறுபாடு கூடாது என்று சுபாருவே சொல்கிறது. டயர் விற்கும் நம் உறுப்பினர்கள் நான்கையும் மாற்றச் சொன்னால் லாபத்துக்காகச் சொல்கிறார்கள் என்று வாடிக்கையாளர் நினைப்பார். அப்படியும் சொல்லியே ஆக வேண்டும். பின் அச்சுக்கும் தனி ஆயில் உண்டு என்பது பல பட்டறைகளுக்கு நினைவில் இருப்பதில்லை. இந்த வண்டிகளின் பாகங்களை வாங்கி அடுக்கி முதலை முடக்கவும் வேண்டாம். முன்பணம் பெற்று வரவழைத்துக் கொடுப்பதே உத்தமம். போலி பிரேக் பேட் மட்டும் எந்த விலைக்கும் கை வைக்க வேண்டாம்.

பிரேக் என்றதும் தகப்பனார்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு சக்கர இழுவை வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. எல்லாக் கார்களும் நான்கு சக்கரத்தில்தான் நிற்கின்றன. ஈரச் சாலையில் எளிதாக வேகம் பிடிப்பதால், பிடி இருக்கிறது என்ற மயக்கம் வந்துவிடும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் அந்தப் பரீட்சைக்கு உரிய இடமல்ல. கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ஓடுதளமும் அதற்கென்றே இருக்கின்றன. பையனுக்குக் கார் வாங்கித் தரும் தொகையில் ஒரு சிறு பங்கை அங்கே பயிற்சிக்கும் ஒதுக்கச் சொல்லி, நம்மிடம் கேட்கும் அன்பர்களுக்கெல்லாம் நாம் சொல்லிவருகிறோம். இதுவரை இரண்டு பேர் அனுப்பியிருக்கிறார்கள்.