கோபுரமா, சாளரமா?

பழைய கட்டடம் ஒன்றைக் கண்டால் முகப்பைப் பார்க்கிறோம், உயரத்தை வியக்கிறோம், அத்துடன் தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். இப்பழக்கம் நம் விசுவாசத்துக்கே ஒவ்வாதது என்பது என் துணிபு. ஒரு கட்டடத்தின் மாண்பை, அதனுள் இருப்போரில் மிக எளியவர் படுத்திருக்கும் மூலையில் நின்றுதான் அளக்க வேண்டும். இதற்குச் சான்றாக, விக்டோரியா அரசியார் காலத்தில் ஆங்கிலேய இராணுவம் எழுப்பிய இரு மருத்துவமனைகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, சவுத்தாம்ப்டன் அருகே நெட்லியில் கடலை நோக்கி எழுந்தது. 1856இல் அரசியாரே அடிக்கல் நாட்டினார், 1863இல் திறக்கப்பட்டது. முகப்பின் நீளம் ஏறத்தாழ கால் மைல். கப்பலில் செல்வோர் கண்டு மலைத்தனர். ஆயினும், கடற்காற்றும் கதிரவன் ஒளியும் வரும் முன்பக்கம் நடைவழிகளுக்குத் தரப்பட்டது. நோயாளர் கூடங்கள் பின்புற முற்றத்தை நோக்கித் திருப்பப்பட்டன. கிரிமியப் போர்முனையிலிருந்து திரும்பியிருந்த புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் வரைபடத்தைக் கண்டு கடுமையாக எதிர்த்தார். பிரதமர் பாமர்ஸ்டனும் அவர் பக்கமே நின்றார். ஆனால் வேலை வெகுதூரம் நடந்துவிட்டது என்ற காரணம் வென்றது. முகப்புக்காக நோயாளி பலியிடப்பட்டான்.

அக்காலத்தில் போர்வீரனைக் கொன்றது பகைவனின் குண்டு மட்டுமன்று. சமாதான காலத்திலேயே, படைக் குடியிருப்புகளில் வாழ்ந்த இளைஞர் தம் வயதையொத்த பொதுமக்களைவிட ஏறத்தாழ இருமடங்கு மிகுதியாக மடிந்தனர் என்று 1858இல் வெளியான அரச ஆணைக்குழு அறிக்கை காட்டியது. நெருக்கடியும் காற்றோட்டமின்மையும் அதற்குப் பெருங்காரணங்கள். சுவரும் கூரையும் மனிதரைக் கொல்லக்கூடும் என்று ஓர் அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது சிறிய செய்தியா?

இப்பாடத்தைக் கற்றபின் எழுந்தது இரண்டாவது கட்டடம். ஹாம்ப்ஷயரில் 1854இல் மரக்குடில்களோடு தொடங்கிய ஆல்டர்ஷாட் படைமுகாமில், 1879இல் கேம்பிரிட்ஜ் இராணுவ மருத்துவமனை திறக்கப்பட்டது. காற்று தடையின்றி வீசும்படி குன்றின்மேல் இடம் தேர்ந்தனர். நீண்ட நடைவழியிலிருந்து நோயாளர் கூடங்கள் தனித்தனிக் கிளைகளாகப் பிரிந்தன. 'பெவிலியன்' முறை என்பது இதுவே: ஒவ்வொரு கூடத்துக்கும் இருபுறமும் சாளரங்கள், ஒரு பக்கம் புகும் காற்று மறுபக்கம் வெளியேறும், ஒரு கூடத்து நோய் அடுத்த கூடத்துக்குப் பரவாது.

இம்மருத்துவமனையின் நடுவிலும் ஒரு மணிக்கூண்டுக் கோபுரம் உண்டு. காண வருவோர் படமெடுப்பதும் அதையே. அதில் முன்னர் தொங்கிய மணி, கிரிமியப் போரில் செவஸ்தபோல் நகரத்து ஆலயமொன்றிலிருந்து கைப்பற்றி வரப்பட்டதாகும். வழிபாட்டுக்கு அழைத்த மணி வெற்றிச் சின்னமாயிற்று! கோபுரம் பெருமையைப் பேசியது. சாளரமோ இரக்கத்தைப் பேசியது. இரண்டில் எது நற்செய்திக்கு நெருக்கமானது?

"வீரனைக் குணமாக்கியது மீண்டும் போருக்கு அனுப்பத்தானே? இதில் இரக்கம் எங்கே?" எனச் சிலர் வினவலாம். நியாயமான வினா. போரின் பாவத்தை எந்தச் சாளரமும் கழுவிவிடாது. ஆனால் அரசின் நோக்கம் எதுவாயினும், கட்டிலில் கிடந்தவன் கடவுளின் சாயல் அன்றோ? 1916இல் அறுவை மருத்துவர் ஹரால்டு கில்லிஸ் இங்கேதான், குண்டுகளால் முகம் சிதைந்த வீரருக்கு முகத்தை மீட்டுத் தரும் பணியைத் தொடங்கினார். அவருட்பலர் திரும்பச் சென்றது போர்முனைக்கன்று, தாயிடமும் மனைவியிடமும். நோயுற்றிருந்தேன், என்னைக் கவனித்தீர்களா என்று மத்தேயு 25இல் ஆண்டவர் கேட்கும் கேள்வியில், நோயாளியின் தொழிலைப் பற்றிய விசாரணை எதுவும் இல்லை.

நெட்லியின் பெருமுகப்பு 1966இல் இடிக்கப்பட்டது. சிற்றாலயம் மட்டும் எஞ்சியது. ஆல்டர்ஷாட் மருத்துவமனை 1996இல் மூடப்பட்டு, பின்னர் குடியிருப்புகளாக மாற்றப்பட்டது. கல்லும் செங்கல்லும் நிலைப்பதில்லை. எவருக்காகக் கட்டினோம் என்ற கணக்கு மட்டுமே நம்மோடு வரும்.

இனி நம் கணக்கைப் பார்ப்போம். பழைய ஆலயத்தை இடித்துப் புதியது எழுப்பும் ஆர்வம் நம் பங்குகளில் பெருகியுள்ளது. அடுத்த பங்கைவிட நம் கோபுரம் ஐந்தடியாவது உயர வேண்டும் என்பதில் காட்டும் அக்கறையை, உள்ளே அமர்வோர்மீது காட்டுகிறோமா? சக்கர நாற்காலியில் வருபவர் படிக்கட்டின் அடியிலேயே திருப்பலி காண்கிறார். கடைசித் தூணுக்குப் பின்னால் இறைவாக்கு எதிரொலியாக மட்டுமே வந்து சேர்கிறது. சித்திரை வெயிலில் மூடிய கண்ணாடிக்குள் முதியோர் மயங்குகின்றனர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, எண் 124இல், ஆடம்பரத்தைவிட மேன்மையான அழகை நாடவும், மக்கள் முழுமையாகப் பங்கேற்க ஏற்றவாறு ஆலயம் கட்டவும் 1963இலேயே பணித்தது. அந்தப் பணிப்பை நெட்லியின் கடற்கரையிலா நாம் புதைத்துவிட்டோம்?

பங்குப் பேரவையினரே, அருள்தந்தையரே! அடுத்த முறை வரைபடம் மேசையில் விரிக்கப்படும்போது கோபுரத்தின் உயரத்தைக் கடைசியாகக் கேளுங்கள். கோலூன்றி வரும் பாட்டி எவ்வழியே நுழைவார், எங்கே அமர்வார், அவருக்குக் காற்று எப்பக்கமிருந்து வரும் என்பதை முதலில் கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால் அந்த வரைபடத்தில் கையொப்பமிடாதீர்கள்.