முதல் பிழைச்செய்தியோடு நின்றுவிடாதீர்

செடனாக்கிலும் நூசாஜெயாவிலும் தரவு மையங்கள் அடுத்தடுத்து எழுகின்றன. அவற்றைப் பெருமையோடு பேசுகிறோம். ஆனால், அந்தக் கட்டடங்களுக்குள் இயங்கும் இணையச் சேவைகளை உருவாக்குவோர் வரிசையில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் நிற்கப் போகிறார்கள்?

அந்த வரிசையில் சேர வீட்டிலுள்ள மடிக்கணினி ஒன்றே போதும். இடைநிலைப்பள்ளியின் கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் மொழியை மாணவர்கள் பலர் தொட்டிருக்கிறார்கள். அதைக் கொண்டு இணையத்தளம் உருவாக்க உதவும் இலவசக் கட்டமைப்புகளுள் ஒன்று ஜாங்கோ. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து நாளிதழ் ஒன்றில் உருவாகி, 2005இல் பொதுவெளிக்கு வந்தது. இன்ஸ்டாகிராம் வளர்ந்ததும் இதன் மேல்தான்.

ஆர்வத்தோடு தொடங்குபவர்கள், ஒரு வரி நிரல் எழுதும் முன்பே, நிறுவும் கட்டத்தில் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். திரையில் ஆங்கிலத்தில் பிழைச்செய்தி வந்ததும், "இது நமக்கு வராது" என்று கணினியை மூடிவிடுகிறார்கள். காரணங்கள் பெரும்பாலும் சிறியவை. விண்டோசில் பைத்தானை நிறுவும்போது, 'பாத்'தில் சேர்க்கவா என்று கேட்கும் கட்டத்தில் குறியிட மறந்திருப்பார்கள். அல்லது பைத்தான் பழையதாக இருக்கும், ஜாங்கோ 5.2க்குப் பைத்தான் 3.10 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு தேவை.

இன்னொன்று, மெய்நிகர்ச் சூழல். சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனிச் சட்டி வைப்பதுபோல, ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிச்சூழல் அமைத்து, அதற்குள் ஜாங்கோவை நிறுவ வேண்டும். ஒன்றின் பதிப்பு மாற்றம் மற்றொன்றைக் கெடுக்காது. பிறகு திட்டத்தைத் தொடங்கிச் சேவையகத்தை இயக்கினால், உலாவியில் ராக்கெட் படத்தோடு ஒரு பக்கம் தோன்றும். அதுதான் முதல் வெற்றி.

அடுத்து அமைப்புக் கோப்பைத் திறந்து பாருங்கள். நேரம் உலகப் பொது நேரத்தில், நமக்கு 8 மணி நேரம் பின்தங்கி இருக்கும். அதைக் கோலாலம்பூருக்கு மாற்றுங்கள். மொழியைத் தமிழுக்கு மாற்றினால், நிர்வாகப் பக்கத்தின் சொற்கள் தமிழில் வரும். மொழிபெயர்க்கப்படாதவை ஆங்கிலத்திலேயே நிற்கும். அந்த மொழிபெயர்ப்பைச் செய்பவர்கள் தன்னார்வலர்கள். நம் மாணவர்களும் அதில் கைகொடுக்கலாம். கோப்பிலுள்ள ரகசியச் சாவியை மட்டும் எவரோடும் பகிராதீர்கள்.

எஸ்.பி.எம். முடிவுக்காகக் காத்திருக்கும் மாதங்கள் இதற்கு ஏற்றவை. ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கணினி பயிலும் நம் மாணவர்கள், ஒரு சனிக்கிழமை அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்களை அழைத்து உட்கார வைக்கட்டும். பாடம் நடத்த வேண்டியதில்லை. பிழைச்செய்தி வரும்போது பக்கத்தில் இருந்து, அதன் கடைசி வரியை முதலில் படிக்கச் சொன்னால் போதும். பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கும்.

கெட்டிக்காரருக்கும் பிழைச்செய்தி வரும். அவர் அதைப் படித்துவிட்டு மறுபடி முயல்கிறார், அவ்வளவே. அந்தப் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கும் ஏற்படுத்துவோம்.